நஸ்ரின் சோறு சாப்பிடாத இரண்டு வருஷம்

உணவியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கீட்டோஜெனிக் உணவுக்கு விகிதம் போடுவது எப்படி, கொழுப்பு எத்தனை கிராம், புரதம் எத்தனை கிராம் என்பதெல்லாம் உங்கள் கணினியே போட்டுக் கொடுத்துவிடும். அதை நான் சொல்லத் தேவையில்லை. தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றவள் நான். அத்தனை வருஷத்தில் ஒரே குழந்தை விஷயத்தில் இரண்டு முறை தவறு செய்தேன். முதல் முறை, அதன் தாயை நம்பாமல் போனேன். இரண்டாம் முறை, அந்தத் தாய் என்னை அளவுக்கு மேல் நம்பும்படி செய்துவிட்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

குழந்தையின் பெயர் நஸ்ரின். கடையநல்லூர்க்காரி, ஆறு வயது. தாய் ஜன்னத். தகப்பனார் சவூதியில் ஓட்டுநர். திருநெல்வேலியிலுள்ள குழந்தைகள் நரம்பியல் டாக்டர் ஒருவர், கடிதம் கொடுத்து என்னிடம் அனுப்பியிருந்தார். நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த டாக்டரம்மாவிடம்தான். கடிதத்தில் இரண்டே வரி: மூன்று மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை, கீட்டோ உணவு தொடங்கலாம், தாய் கெட்டிக்காரி.

நஸ்ரினுக்கு வந்தது கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு இல்லை. நின்றுகொண்டிருப்பவள் திடீரென்று தலை தொங்கி முன்னால் விழுவாள். ஒரு நொடிதான். மறு நொடி எழுந்துவிடுவாள். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணுவதையே ஜன்னத் விட்டுவிட்டாள். நெற்றியில் தழும்புமேல் தழும்பு. பஞ்சு வைத்துத் தைத்த துணித்தொப்பி ஒன்றை எப்போதும் தலையில் கட்டியிருப்பாள். பேச்சும் குறைந்துபோயிருந்தது. பேர் கேட்டால் தாயைப் பார்ப்பாள்.

"சோறு ஒரு வாய்கூட கூடாதா மேடம்?" என்று கேட்டாள் ஜன்னத்.

"கூடாது."

"இட்லி?"

"இட்லியும் அரிசிதானே."

"அப்ப புள்ள என்னத்தத்தான் திங்கும்?"

முட்டை, வெண்ணெய், பாலாடை, தேங்காய், தேங்காய் எண்ணெய், அளந்து வைத்த கொஞ்சம் காய் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அவள் கணவர் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டாள். "எண்ணெயக் குடிக்கச் சொல்லுதாவளாமே? சோறில்லாம ஒரு புள்ளய வளக்க முடியுமா?" என்றார் மனுஷன். குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. ஜன்னத் பொறுமையாகச் சொன்னாள்: "மூணு மருந்து குடுத்தாச்சு. இது நாலாவது மருந்துன்னு நெனச்சுக்கிடுங்க."

இருபத்தெட்டு வருஷத்தில் இதைவிடச் சரியாக யாரும் அந்த உணவைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை.

மருத்துவமனையில் சில நாள் வைத்துத் தொடங்கினோம். முதல் வாரம் நஸ்ரின் தட்டை வீசினாள். இரண்டாம் வாரம் வீசவில்லை. மூன்றாம் வாரம் ஜன்னத் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்: "நேத்து நாலே நாலு தடவைதான் மேடம்." நான் எழுதிக்கொண்டிருந்தபோது நஸ்ரின் மேஜையில் கை வைத்து எட்டிப் பார்த்து, "இது ஏன் பச்சையா எழுதுது?" என்று என் பேனாவைக் காட்டிக் கேட்டாள். ஜன்னத் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மகள் ஒரு கேள்வி கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

இரண்டு மாதம் இப்படி ஏறுமுகமாகவே போனது. அதற்குப் பிறகு வலிப்பு திரும்பியது.

தினமும் காலையில் குழந்தையின் சிறுநீரில் ஒரு பரிசோதனைக் காகிதப் பட்டையை நனைத்து, நிறம் பார்த்து நோட்டில் எழுதும்படி சொல்லியிருந்தேன். கொழுப்பு உடைந்து உண்டாகும் கீட்டோன் உடம்பில் இருந்தால் பட்டை கரும் ஊதாவாக மாறும். ஜன்னத்தின் நோட்டில் இரண்டு வாரமாக நிறம் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. தலை விழுவதும் மறுபடி பத்துக்கு மேல். அன்று எனக்கு வெளி நோயாளிகள் கூட்டம். வராந்தாவில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, நின்றபடியே கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க ஜன்னத். புள்ள அழுதுன்னு யாரும் ஒரு வாய் சோறு குடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"மாவுச்சத்து உள்ள போகாம கீட்டோன் இறங்காது. வீட்டுல ஏமாத்துறதா இருந்தா நான் எதுக்கு உட்கார்ந்து கணக்குப் போடணும்?"

அவள் அழவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. நோட்டைப் பைக்குள் வைத்து, மகளின் தொப்பிக் கயிற்றை இறுக்கிக் கட்டி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் வரவில்லை.

திருநெல்வேலி டாக்டருக்கு போன் செய்து, குடும்பம் ஒத்துழைக்கவில்லை என்றேன். அவர் கேட்டார்:

"நோட்டுல நிறம் இறங்கினதை எழுதினது யாரு?"

"அவங்கதான்."

"ஏமாத்துறவங்க அதை ஏம்மா எழுதப் போறாங்க?"

அத்தோடு போனை வைத்துவிட்டார். நான் அந்த நோட்டை எண்களுக்காக மட்டும் பார்த்திருந்தேன். எழுதிய கையைப் பார்க்கவில்லை. நல்ல செய்தியை எழுதிய அதே பேனாவால் கெட்ட செய்தியையும் ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தாள். பொய் சொல்ல வேண்டும் என்றால் அவளுக்கு அதைவிட எளிதான இடம் வேறு இருந்திருக்காது.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு கடையநல்லூர் பஸ் ஏறினேன். முகவரியைப் பிடித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. ஜன்னத் வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றாள். அந்த ஒரு சொல்தான்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீங்க ஏமாத்தலன்னு தெரியும்" என்றேன்.

"இப்பத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, "உக்காருங்க, டீ போடுதேன்" என்று உள்ளே போனாள்.

டீ வந்தபின், காலை எழுந்ததிலிருந்து நஸ்ரின் என்ன செய்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது. எல்லாமே சரியாக இருந்தது. அளவெல்லாம் கிராம் பிசகாமல். "அப்புறம் கொல்லையில கோழியோட வெளயாடுவா. முன்னால தனியா விட முடியாது. இப்ப விழுதது கொறஞ்சதுல இருந்து விடுதேன்" என்றாள்.

அதைச் சொல்லிவிட்டு அவளே சட்டென்று என்னைப் பார்த்தாள். இருவரும் எழுந்து பின்வாசலுக்குப் போனோம்.

கொல்லையில் நஸ்ரின் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தகர டப்பா. அதில் கோழிக்குப் போடும் குருணை அரிசி. கோழிக்கு ஒரு கை வீசினாள். பிறகு தன் வாயில் ஒரு சிட்டிகை. மறுபடி கோழிக்கு ஒரு கை, தனக்கு ஒரு சிட்டிகை. நறுக் நறுக்கென்று அவள் மெல்லும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"ஏட்டி!" என்று ஜன்னத் ஓடினாள். குழந்தை பயந்து டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டது. "கறுக்குமுறுக்குன்னு இருக்கு உம்மா" என்றது.

உடம்பு தேறியதால்தான் அவளுக்குக் கொல்லைக்குத் தனியாகப் போக வாய்த்தது. போனதால் அரிசி கிடைத்தது. அதனால் வலிப்பு திரும்பியது. அந்த இரண்டு மாதமும் நான் அவளுக்குக் கொடுத்தது எல்லாம் வழவழப்பான சாப்பாடு. வெண்ணெய், பாலாடை, எண்ணெயில் தோய்ந்த முட்டை. ஒரு ஆறு வயதுக் குழந்தைக்குக் கடித்து மெல்ல எதுவும் வேண்டாமா? என் பட்டியலில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. அன்றைக்கே அடுப்பங்கரையில் உட்கார்ந்து, தேங்காயை மெல்லிசாகச் சீவி எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, எடை போட்டு, கணக்கில் சேர்த்தேன். நஸ்ரின் ஒரு துண்டைக் கடித்துவிட்டு அந்தச் சத்தத்தை ரசித்துக் கண்ணை மூடினாள். கோழிக்குத் தீனி போடும் வேலையை அவளிடமிருந்து பறிக்கவில்லை. பக்கத்தில் ஜன்னத் நிற்பாள் என்று ஏற்பாடு.

கிளம்பும்போது ஜன்னத் பஸ் நிறுத்தம் வரை வந்தாள். அதன் பிறகு அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை. அக்காதான்.

அந்த நம்பிக்கைதான் எட்டு மாதம் கழித்து எங்களை எமர்ஜென்சி அறையில் கொண்டுபோய் நிறுத்தியது.

கீட்டோ உணவில் இருக்கும் குழந்தையை விவரம் தெரியாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால், வழக்கம்போல குளுக்கோஸ் ஏற்றிவிடுவார்கள். பாடுபட்டு ஏற்றிய கீட்டோன் சில மணி நேரத்தில் கரைந்துபோகும். அதற்காக ஒரு அட்டை தயாரித்து, எல்லாத் தாய்மாரிடமும் கொடுத்துவைத்திருந்தேன். 'இந்தக் குழந்தைக்கு குளுக்கோஸ் ஏற்றக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே என் கையெழுத்து. அந்த அட்டையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

குற்றாலத்தில் சீசன் நேரம். ஜன்னத்தின் அக்கா குடும்பம் அங்கே அறை எடுத்துத் தங்கி, இவர்களையும் அழைத்திருந்தது. சாரலில் இரண்டு நாள் நஸ்ரின் ஆசை தீர நனைந்தாள். மூன்றாம் நாள் விடியும்போதே வாந்தி, வயிற்றுப்போக்கு. எதுவும் உள்ளே தங்கவில்லை. பத்து மணி வாக்கில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் என் அறையில் இருந்தேன். நர்ஸ் ஓடி வந்தாள்.

"மேடம், எமர்ஜென்சியில ஒரு அம்மா, டாக்டர் கையப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்காவ. உங்க அட்டையக் காட்டுதாவ."

போய்ப் பார்த்தபோது நஸ்ரின் கட்டிலில் துவண்டு கிடந்தாள். பாதி மூடிய கண். தொட்டால் சில்லென்று வியர்வை. கூப்பிட்டால் பதிலில்லை. பணியிலிருந்தவர் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன இளம் டாக்டர். ஒரு கையில் ஊசி. அந்தக் கையின் மணிக்கட்டை ஜன்னத் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"சுகர் முப்பத்தி நாலு மேடம்" என்றார் அவர். "குளுக்கோஸ் கொடுக்கணும். சொன்னா கேட்க மாட்டேங்கிறாங்க. கார்டுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க..."

"அக்கா வந்துட்டாவ" என்றாள் ஜன்னத். அந்த முகத்தில் வந்த நிம்மதியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. "நீங்களே சொல்லுங்கக்கா. சக்கரை ஏத்துனா எல்லாம் போயிருமே. பட்ட பாடெல்லாம் போயிருமே."

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு மூச்சு நேரம் நான் தயங்கினேன். கீட்டோன் போய்விடும், வலிப்பு வரும், இத்தனை மாத உழைப்பு வீணாகும் என்று என் மனசும் அவளைப் போலவே கணக்குப் போட்டது. அட்டையில் என் கையெழுத்து வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நஸ்ரினின் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தேன்.

"ஏத்துங்க டாக்டர். இப்பவே."

ஜன்னத் திகைத்து நின்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "நான் எழுதினது தப்பு ஜன்னத். முழுசா எழுதல. கையை விடுங்க."

விட்டாள். மருந்து உள்ளே போனது. சில நிமிடங்கள் போயின. நஸ்ரின் கண்ணைத் திறந்து, சுற்றிலும் நின்ற எங்களை எல்லாம் பார்த்து, "தண்ணி" என்றாள்.

எவ்வளவு நேரம் அந்த டாக்டரின் கை பிடிபட்டிருந்தது என்று பிறகு கேட்டேன். நாலைந்து நிமிடம் என்றாள் நர்ஸ். அந்த டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தார், அட்டையை மீறப் பார்த்ததற்காக. அவரை உட்காரவைத்துச் சொன்னேன்: உங்கள் முடிவுதான் சரி, குரல்தான் போதவில்லை. இதை உங்களுக்கும் சொல்கிறேன். மூத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று சொல்லி, கட்டிலில் கிடக்கும் குழந்தை வேறொன்று சொன்னால், குழந்தை பக்கம் நின்று சத்தமாகப் பேசுங்கள். அந்தக் கையெழுத்து என்னுடையதாக இருந்தாலும்தான்.

நான் பயந்த மாதிரியே அன்று மாலை இரண்டு தடவை தலை விழுந்தது. மறுநாள் ஒன்று. அவ்வளவுதான். வயிறு சரியானதும் பழைய உணவுக்குத் திரும்பி, அந்த வாரத்துக்குள் பட்டை மறுபடி ஊதாவானது. நாங்கள் இருவரும் எதற்காக அவ்வளவு பயந்தோமோ, அது வெறும் நாலு நாள் பின்னடைவு.

ஆனால் எனக்கு மனசு விட்டுப்போயிருந்தது. இனி யாருக்கும் இந்த உணவைத் தொடங்க மாட்டேன் என்று திருநெல்வேலி டாக்டரிடம் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை.

"அந்தம்மாவுக்கு என்ன செய்யணும்னு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கே. ஏன் செய்யணும்னு எப்பவாவது சொன்னியா?"

சொல்லவில்லை. அவள் படிப்பு எட்டாம் வகுப்பு. புரியாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் வார்டில், நஸ்ரின் தூங்கிக்கொண்டிருக்க, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னத்திடம் சொன்னேன். மூளைக்கு எப்போதும் பிடித்தமான எரிபொருள் சர்க்கரைதான். நாம் சாப்பிடும் சோறு, இட்லி எல்லாம் கடைசியில் அதுவாகத்தான் ரத்தத்தில் போகும். சோற்றை நிறுத்திக் கொழுப்பை மட்டும் நிறையக் கொடுத்தால், ஈரல் அந்தக் கொழுப்பை உடைத்து கீட்டோன் என்று ஒன்றைச் செய்து அனுப்பும். மூளை அதை வாங்கி எரிக்கக் கற்றுக்கொள்ளும். மூளை செல்களைத் தூண்டிவிட குளூட்டமேட் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, அடக்கிவைக்க காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. வலிப்பு வரும் மூளையில் தூண்டுவது மிஞ்சிப்போகிறது. கீட்டோனை எரிக்கும்போது அடக்கும் பக்கம் கொஞ்சம் பலமாகிறது என்று தெரிகிறது. செல்லுக்குச் சக்தியும் சீராகக் கிடைக்கிறது. வேறு காரணங்களும் இருக்கலாம். முழு விடை இன்னும் யாரிடமும் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் இது பலிப்பதும் இல்லை.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "நோன்பு வைக்கும்போது எனக்குள்ளயும் இதுதான் நடக்குதா?" என்றாள்.

"கொஞ்சம் நடக்கும். பட்டினி கிடந்தா வலிப்பு குறையுதுன்னு ரொம்ப காலத்துக்கு முன்னாலயே கவனிச்சிருக்காங்க. பட்டினி போடாமலே அதைக் கொண்டுவரத்தான் இந்தச் சாப்பாடு."

தூங்கும் மகளைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்ப சக்கரை அவளுக்கு வெசம் இல்லையா?"

"விஷமா? இல்லவே இல்ல. அன்னைக்கு அவ உயிரைக் காப்பாத்தினதே அதுதான்."

"நான் வெசம்னுல்லா நெனச்சேன்" என்றாள். "ஆறு வருசமா என் கையால வெசத்த ஊட்டித்தான் புள்ள இப்படி ஆயிட்டான்னு..."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வராந்தாவில் நான் அவமானப்படுத்தியபோது அழாதவள், குழந்தை துவண்டு கிடந்தபோது அழாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அந்தப் பாரத்தோடுதான் நான் கொடுத்த தராசில் வெண்ணெயை நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "உங்க சோத்தால வந்ததில்ல ஜன்னத். நீங்க எதுவும் தப்பு செய்யல" என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் அழுது தீரும்வரை சொன்னேன்.

அட்டையை அவளோடு உட்கார்ந்தே திருத்தி எழுதினேன். முதலில் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் தயங்காமல் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும், சரியாக இருந்தால் சர்க்கரை இல்லாத திரவம் போதும், உடனே கூப்பிட வேண்டிய எண் இது. "குழந்தை உயிர்தான் முதல்ல, சாப்பாடு அப்புறம்" என்ற வரியை மேலே போடச் சொன்னது ஜன்னத். அந்த வரி இன்றும் அங்கே அப்படியே இருக்கிறது. இந்த உணவை இனி யாருக்கும் தொடங்குவதில்லை என்ற எண்ணத்தையும் அன்றோடு விட்டேன்.

இரண்டு வருஷம் நஸ்ரின் அதைச் சாப்பிட்டாள். பிறகு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக மாவுச்சத்தைக் கூட்டினோம். மூன்று மருந்து ஒன்றானது. முதல் சோற்றை ஊட்டிவிட வேண்டும் என்று அவள் வாப்பா விடுப்பில் வந்திருந்தார். வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு வாய் மென்று விழுங்கிய நஸ்ரின், "எல்லாரும் ஏன் என்னையவே பாக்கிய?" என்று கேட்டாளாம். அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார் என்று ஜன்னத் சிரித்துக்கொண்டே சொன்னாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் நஸ்ரின் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறாள். அதற்குத் தனி டீச்சர் வருகிறார்.

நான் ஓய்வுபெறும் மாதத்தில், பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சந்தையில் மூட்டை தூக்குபவரின் மனைவி. நாலு வயது மகனுக்கு அன்றுதான் கீட்டோ தொடங்குவதாக இருந்தது. பட்டியலை எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள், மகளைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்த ஜன்னத் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள்.

"முத வாரம் தட்ட வீசுவான். நீங்க அழப்புடாது. அழணும்னா அடுப்பங்கரையில போயி அழுங்க, நான் அப்படித்தான் செஞ்சேன். அவன் கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்க. உங்களுக்கும் எதுவும் வெளங்கலன்னா அக்காகிட்ட கேளுங்க, சொல்லுவாவ. சொல்லலன்னா விடாதிய."

"உங்க புள்ளைக்கு முழுசா சரியாயிட்டா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஜன்னத் யோசித்தாள். "முழுசாங்கத நான் சொல்ல மாட்டேன். இப்ப என்கூடச் சண்ட போடுதா. காலையில தல வாரிவிட்டா, கோணலா வாரிட்டன்னு அவுத்துப்போட்டு மறுபடி வாரச் சொல்லுதா. எனக்கு அது போதும்."

அந்தப் பெண் சிரித்தாள். அன்று அவள் சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். பட்டியலோடு கதவருகே நின்றிருந்த நான், அவர்கள் பேசி முடிக்கும்வரை உள்ளே போகவில்லை.